பொருளாளர் எத்தனை ஆண்டு இருக்கலாம்? சிங்கப்பூர் அறநிறுவனங்களின் சுயமதிப்பீட்டுப் படிவம்

சிங்கப்பூரில் உங்கள் கோயிலோ முதியோர் இல்லமோ சங்கமோ அறநிறுவனமாகப் பதிவாகியிருந்தால், நிர்வாகக் குழு ஆண்டுதோறும் ஒரு கேள்விப் பட்டியலுக்குப் பதில் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அறநிறுவனங்களுக்கான அரசு இணையவாசலில் அதை ஏற்றிவிட வேண்டும். மிகச் சிறிய அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. பெரியவற்றுக்குக் கேள்விகள் கூடுதல்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கேள்விகள் எரிச்சலூட்டாது. 2005 ஜூலையில், தேசியச் சிறுநீரக அறநிறுவனம் பத்திரிகை ஒன்றின்மேல் போட்டிருந்த அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. குறுக்கு விசாரணையில், அந்த அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி. துரையின் சம்பளமும் போனஸும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி என்று தெரியவந்தது. அவருடைய அலுவலகக் குளியலறையின் தங்க முலாம் பூசிய குழாய்தான் மக்கள் மனத்தில் இன்னும் நிற்கிறது. வழக்கு பாதியிலேயே கைவிடப்பட்டது. குழாயைவிடப் பெரிய கேள்வி வேறு: நிர்வாகக் குழு என்ன செய்துகொண்டிருந்தது? அறநிறுவனங்களுக்கென 2007-இல் வந்த நிர்வாக நெறிமுறைக்கு அதுதான் பின்னணி. அந்த நெறிமுறையைப் பின்பற்றுகிறோமா என்று கேட்பதுதான் இந்தப் படிவம். நெறிமுறை சிலமுறை திருத்தப்பட்டது, கடைசியாக 2023-இல்.

சரி, என்ன கேட்கிறார்கள்? பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. பத்து ஆண்டைத் தாண்டியும் ஓர் உறுப்பினர் குழுவில் தொடர்ந்தால், காரணத்தை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். சம்பளம் வாங்கும் ஊழியர் குழுத் தலைவராகக் கூடாது. தன் சம்பளத்தைத் தீர்மானிக்கும் பேச்சில் எவரும் உட்காரக் கூடாது.

நம்மவர்களுக்குக் கடினமானது சொந்த நலன் பற்றிய கேள்விதான். அன்னதானச் சமையல் ஒப்பந்தம் செயலாளரின் மைத்துனருக்குப் போகிறது என்று வையுங்கள். விலையும் குறைவு, சாப்பாடும் நன்றாக இருக்கிறது. தப்பே நடக்கவில்லை. ஆனாலும் உறவை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். முடிவெடுக்கும்போது செயலாளர் விலகியிருக்க வேண்டும். "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பது இங்கே பதிலாகாது. அவர் நல்லவரா என்பது கேள்வியே இல்லை. வெளியாள் ஒருவர் கேட்டால் காட்டத் தாள் இருக்கிறதா என்பதுதான்.

எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. ஒரு நெறியைப் பின்பற்ற முடியவில்லையென்றால், ஏன், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எழுதலாம். கணக்குத் தெரிந்த ஆள் கிடைக்காமல் பொருளாளர் ஐந்தாம் ஆண்டும் தொடர்கிறாரா? அதையே எழுதுங்கள், ஒருவரைப் பழக்கிவருவதையும் சேர்த்து. என்னைக் கேட்டால், வரிசையாக 'ஆம்' விழுந்த படிவத்தைவிட இப்படிப்பட்ட படிவத்தையே அதிகம் நம்புவேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். கெடு நாளன்று செயலாளர் தனியாக உட்கார்ந்து டிக் அடித்து அனுப்புவது. அனுப்பும் முன் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, பதில்களைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள். அனுப்பிய பதில்களை நன்கொடையாளர் எவரும் இணையவாசலில் பார்க்கலாம்.