கல்லுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு இன்னொரு தடவ யாரும் என்கிட்ட சொல்லாதீங்க

இந்த வருஷத்துல மூணாவது தடவ இதே போன் கால். "சார், எங்க டவரோட வெளிப்பக்கம் மாட்டியிருக்கற மார்பிள்ல ஒரு கல்லு லேசா தள்ளிக்கிட்டு நிக்குது, ஆள் அனுப்பி சிலிகான் பசை வெச்சு ஒட்டிட்டா போதும்ல?" போதாதுங்க. கிராடில்ல (வெளிய கயித்துல தொங்குற மேடை) ஏறி 28-வது மாடிக்குப் போய் அந்த மார்பிள் மேல மட்டக்கட்டைய வெச்சா நடுவுல மட்டும்தான் ஒட்டுது, ரெண்டு ஓரத்துலயும் என் சுண்டுவிரல் நுழையுற அளவுக்கு சந்து, கல்லே வளைஞ்சு போயிருக்கு. முன்னாடி எவரோ வந்து சுத்திலும் சிலிகான அப்பிட்டுப் போயிருக்காரு, உள்ள போன தண்ணி வெளிய வர்றதுக்குன்னு விட்ட ஓட்டையையும் சேத்து அடைச்சிருக்காரு! பின்னாடி கல்லைப் பிடிச்சிருக்கற கிளாம்ப் அந்தத் தண்ணியில எந்த லட்சணத்துல இருக்கும்னு நான் சொல்லவே வேணாம்.

என்னை ரொம்ப கடுப்பேத்துறது ஒரே ஒரு டயலாக்தான், "பழைய கோட்டையெல்லாம் நூத்துக்கணக்கான வருஷமா நிக்கலயா". நிக்குது, ஏன்னா அங்க கல்லு அடி கணக்குல தடிமனா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு, அதோட கனமே அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. உங்க டவர்ல இருக்கறது 3 சென்டிமீட்டர் தடிமன் கல்லுப் பலகை, அது உக்காரல, ஓரத்துல கீறின காடியில நாலஞ்சு கிளாம்ப் பிடிச்சுத் தொங்குது. அதை சுவருன்னு நினைக்காதீங்க, கல்லால செஞ்ச தோலு, அவ்ளோதான். அதுலயும் மார்பிள் இன்னும் மோசம், வெயில்ல சூடாகி ராத்திரி ஆறும்போது கல்லுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன படிக மணியெல்லாம் ஒரு பக்கம் விரிஞ்சு இன்னொரு பக்கம் சுருங்கி, பழைய இடத்துக்குத் திரும்பி வராம ஒண்ணோட ஒண்ணு பிடி விட்டுடும். ஈரமும் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம். கடைசியில ஓரத்தை நகத்தால சுரண்டினா சக்கரை மாதிரி உதிரும். நான் சுரண்டிப் பாத்திருக்கேன்.

இது புதுக் கதையும் இல்ல. சிகாகோவுல இப்போ ஏயான் சென்டர்னு சொல்ற 83 மாடி டவருக்கு 43,000 இத்தாலி மார்பிள் பலகை மாட்டினாங்க, வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே 1973-ல ஒண்ணு கழண்டு பக்கத்து பில்டிங் கூரைய பொத்துட்டுப் போச்சு. 1985-ல செக் பண்ணா நெறைய கல்லு வளைஞ்சு விரிசல் விட்டுக் கிடக்கு, முதல்ல ஸ்டீல் பட்டை போட்டு இழுத்துப் பிடிச்சு வெச்சாங்க, அப்புறம் 1990-92-ல மொத்தத்தையும் உரிச்சுட்டு கிரானைட் போட்டாங்க. டொராண்டோவுல 72 மாடி ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ், 2007-ல அங்கயும் ஒரு பலகை விழுந்துச்சு, அவங்க கல்லே வேணாம்னு கண்ணாடிக்கு மாறிட்டாங்க. ஹெல்சிங்கியில இருக்கற ஃபின்லாண்டியா ஹால் ஒரு கச்சேரி மண்டபம், டவர் கூட கிடையாது, அங்க வளைஞ்ச மார்பிள எடுத்துட்டு திரும்பவும் மார்பிளே போட்டாங்க, அதுவும் வளைஞ்சுச்சு (அழகுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்).

கல்ல மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சில விஷயம். ஒரு பக்கத்தை மட்டும் பாத்துட்டு கொட்டேஷன் கேக்காதீங்க, வெயில் அதிகம் படுற பக்கமும் நிழல் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, நாலு பக்கமும் இறங்கிப் பாக்கணும். சில பலகைய கழட்டி லேப்புக்கு அனுப்பி வளைச்சு உடைச்சுப் பாக்கச் சொல்லுங்க, இன்னும் எவ்ளோ பலம் மிச்சம் இருக்குன்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. கிரானைட்டுன்னா தடிமனா போட்டுடலாம்னு உடனே கிளம்பிடாதீங்க. 3 சென்டிமீட்டர் கல்லு ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோ, 5 சென்டிமீட்டர்னா 135 கிலோ, அந்த வித்தியாசத்தை பீம் தாங்குமான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு போட்டு கையெழுத்து போடட்டும். பழைய கிளாம்ப்ல புதுக் கல்ல மாட்டுறேன்னு எவராச்சும் ரேட்டு குறைச்சு சொன்னா வாசலோட அனுப்பிடுங்க.

அந்த 28-வது மாடிக் கல்லையும் பக்கத்துல இருந்த ரெண்டையும் நேத்து கயித்துல கட்டி இறக்கிட்டோம். ஒவ்வொண்ணும் 100 கிலோவுக்கு மேல. மத்தத பாத்து முடிக்கற வரைக்கும் நடைபாதை மேல கெட்டியா ஒரு கூரை போடுங்கன்னு சொன்னா, "லாபி லுக் கெட்டுடும் சார், அடுத்த மாசம் பாக்கலாம்"ங்கறாங்க. தயவு செஞ்சு இன்னிக்கே போடுங்க, அந்த வாசல் வழியாத்தான் தினமும் அத்தனை ஜனமும் போகுது வருது.