செல்வியா, செல்ஃபியா? குரல் உதவியாளர் கேட்பதும் செய்வதும்

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு மாலையில், "செல்வி அத்தைக்கு ஃபோன் போடு" என்று சமையல் மேடைமீது இருந்த கைப்பேசியிடம் சொன்னேன். அது கேமராவைத் திறந்து என் முகத்தையே எனக்குக் காட்டியது. இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னபோதும் அதுவே நடந்தது. கடைசியில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலால்தான் அத்தையின் எண்ணைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் அதே கைப்பேசி, கால் மணி நேரத்துக்கு முன்னர் "டைமர், டென் மினிட்ஸ்" என்றதும் ஒரு பிசகும் இல்லாமல் நேரத்தை எண்ணத் தொடங்கியிருந்தது. டைமரை ஆங்கிலத்திலும் அத்தையைத் தமிழிலும் கேட்பது நம்மில் பலருக்கு இயல்பாகிவிட்ட வழக்கம். குரல் உதவியாளர்கள் பயன்படுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாததற்கான காரணம், இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே அத்தையைப் பற்றிய அந்த வாக்கியம் கைப்பேசிக்குள் எந்த வழியாகச் சென்றிருக்கும் என்று பின்தொடர்ந்து பார்க்கலாம்.

முதலில் கைப்பேசி நமக்குக் காது கொடுக்க வேண்டும். அது எந்நேரமும் முழுக் கவனத்துடன் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். அதனால் "ஹே சிரி", "ஓகே கூகுள்" போன்ற அழைப்புச் சொல்லை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேலை மட்டும், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறு பிராசசரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய கைப்பேசியில் இது நடக்கும் விதத்தை 2017இல் விளக்கி வெளியிட்டது. சிறு பிராசசரில் ஓடும் எளிய நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) ஒன்று, ஏறத்தாழ 0.2 விநாடி அளவுள்ள ஒலியை எடுத்துக்கொண்டு, அது அழைப்புச் சொல்லின் பகுதியாக இருக்குமா என்று மட்டும் பார்க்கிறது. இருக்கலாம் என்று தோன்றினால்தான் முதன்மைப் பிராசசரை எழுப்புகிறது. அங்கே பெரிய வலையமைப்பு ஒன்று அதே ஒலியை மறுபடியும் சோதிக்கிறது. வாசலில் இருக்கும் காவலாளி யாரோ வருவதாகக் குரல் கொடுக்க, வீட்டுக்காரர் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நாம் பேசுவதெல்லாம் ஒன்றுவிடாமல் எங்கோ அனுப்பப்படுகிறது என்ற அச்சத்துக்கு இந்த அமைப்பில் இடமில்லை என்றாலும், காவலாளி ஆள் தெரியாமல் குரல் கொடுப்பதும் உண்டு. அப்படித் தவறுதலாக விழித்தபோது பதிவான பேச்சுகள் உட்படப் பயனர்களின் பதிவுகள் சிலவற்றை, தரச் சோதனைக்காக ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுவந்தார்கள் என்பது 2019இல் செய்தியாக வெளிவந்தது. ஆப்பிள் அந்தச் சோதனையை நிறுத்திவைத்து, பிறகு பயனரின் ஒப்புதலைப் பெற்றே பதிவுகளைக் கேட்பது என்று மாற்றியது.

அழைப்பு ஏற்கப்பட்டதும் பேச்சு எண்களாக மாறுகிறது. மைக்கில் வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை விநாடிக்கு 16,000 முறை அளந்து குறித்துக்கொள்வது பேச்சை அறியும் மென்பொருள்களில் வழக்கம். இந்த நீண்ட எண் வரிசையை 25 மில்லி விநாடி அகலமுள்ள துண்டுகளாக, 10 மில்லி விநாடிக்கு ஒரு துண்டு தொடங்கும் வகையில், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களில் நுட்பமாகவும் உயர்ந்த அதிர்வெண்களில் தளர்வாகவும் வேறுபாடு காண்பதால், அந்தக் கணக்கும் காதின் போக்கை ஒட்டியே அமைக்கப்படுகிறது.

இப்போது "செல்வி" என்ற சொல்லையும் "செல்ஃபி" என்ற சொல்லையும் இந்தத் துண்டுகளாகப் பார்க்க வேண்டும். முதல் மூன்று ஒலிகளும் கடைசி இகரமும் இரண்டுக்கும் பொது. எஞ்சிய ஓர் ஒலியில்தான் வேறுபாடு. பல்லும் இதழும் இயைவதால் வகரம் பிறக்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பழகிய செய்தி. ஆங்கில எஃப் ஒலியும் அதே பல்லாலும் அதே இதழாலும்தான் பிறக்கிறது. வகரத்தில் குரல் நாண்கள் அதிர்கின்றன. எஃப் ஒலியில் அவை அதிர்வதில்லை, காற்று மட்டும் இடுக்கில் உரசிச் செல்கிறது. அந்த ஒலி நீடிப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் என்பதால், அதைப் பிடித்துக்காட்டும் துண்டுகள் பத்துகூடத் தேறாது. அருகில் குக்கர் சீறிக்கொண்டிருந்தால், அந்தச் சீறலும் இடுக்கில் உரசும் காற்றுதான். அது வகரத்தின்மேல் படிந்து அதை எஃப் போலக் காட்டக்கூடும். அன்று என் அடுப்பில் குக்கர் இருந்தது.

ஆனால் பழியை முழுவதும் குக்கர்மீது போட முடியாது. பேச்சை அறியும் மென்பொருள் காதை மட்டும் நம்புவதில்லை; நாமும் நம்புவதில்லை. பேருந்து இரைச்சலில் நடத்துநர் சொல்லும் நிறுத்தத்தின் பெயர் பாதிதான் காதில் விழுகிறது, மீதியை அந்த வழித்தடத்தைப் பற்றிய நம் அறிவு நிரப்புகிறது. அதைப் போலவே மென்பொருளும், பயிற்சியின்போது தான் கண்ட கோடிக்கணக்கான சொற்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்ற மதிப்பீட்டை வைத்திருக்கிறது. ஒலி இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக இருக்கும்போது இந்த மதிப்பீடுதான் தீர்ப்பு சொல்கிறது. என் கைப்பேசியில் உதவியாளரின் மொழி ஆங்கிலம் என்று இருந்தது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒரு மதிப்பீட்டின் முன் "செல்வி" என்ற பெயரும், கைப்பேசிகளோடு ஓயாமல் சேர்ந்து வரும் "செல்ஃபி" என்ற சொல்லும் நின்றால் எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்து இந்தச் சாய்வைச் சரிசெய்யும் உத்தி ஒன்று உண்டு. ஆனால் அழைப்பதற்கான கட்டளை இது என்று முதலில் தெரிந்தால்தான் அந்த உத்தி முழுப் பலன் தரும். "ஃபோன் போடு" என்பதில் "ஃபோன்" மட்டுமே அதற்குப் புரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்துக்கு வந்துசேரவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1952இல் பெல் ஆய்வகம் உருவாக்கிய ஆட்ரி என்ற கருவி, பழக்கப்பட்ட ஒருவர் சொன்னால் பத்து இலக்கங்களை அடையாளம் கண்டது. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் காட்டிய ஷூபாக்ஸுக்குப் பதினாறு சொற்கள் தெரிந்திருந்தன. 2011 அக்டோபரில் ஐஃபோன் 4எஸ் கருவியோடு சிரி வந்தபோதுகூடக் கேட்கும் திறன் சுமாராகவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல அடுக்குகளைக் கொண்ட ஆழ்நிலை நரம்பு வலையமைப்புகள் நிலைமையைப் புரட்டிப்போட்டன. தொலைபேசி உரையாடல்களின் பதிவுத் தொகுப்பு ஒன்றில் தன் மென்பொருளின் சொற்பிழை விகிதம் (நூறு சொற்களுக்கு எத்தனை பிழை என்ற கணக்கு) 5.9 சதவீதம் என்றும், பேச்சைக் கேட்டு எழுத்துப்பெயர்க்கும் தொழில்முறை ஊழியர்களுக்கு அது இணையானது என்றும் மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிவித்தது.

இந்த விகிதங்களைப் படிக்கும்போது அவை யாருடைய பேச்சைக் கொண்டு அளக்கப்பட்டவை என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் வெள்ளை அமெரிக்கர்களின் பேச்சில் சராசரியாக 19 சதவீதச் சொற்களிலும், கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 35 சதவீதச் சொற்களிலும் பிழை செய்தன. ஒரே நாட்டில், ஒரே ஆங்கிலத்தில் இவ்வளவு இடைவெளி. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருள் ஏறத்தாழ 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம்; தமிழ் உட்பட 96 மொழிகளின் நேரடி எழுத்துப்பெயர்ப்புக்கு எஞ்சியது மொத்தமாகச் சுமார் 1,17,000 மணி நேரம்.

தமிழுக்குத் தரவுப் பஞ்சத்துக்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறோம்; வாயால் சொல்வது "வந்துட்டிருக்கேன்", "வந்துக்கிட்டிருக்கேன்", "வந்துண்டிருக்கேன்" என்று ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறுகிறது. இவற்றில் எதைத் திரையில் எழுதுவது? காதில் விழுந்தபடியே எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். எழுத்துத் தமிழாக மாற்றினால் பேசியவர் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்பார். மேலும் வேற்றுமையும் காலமும் இடமும் எண்ணும் "தான்", "உம்" போன்ற இடைச்சொற்களும் ஒரே சொல்லில் அடுக்கி ஒட்டிக்கொள்வதால், தமிழில் சொல்லின் வடிவங்களுக்குக் கணக்கே இல்லை. அத்தனையையும் அகராதியாக மனப்பாடம் செய்ய முடியாத மென்பொருள், சொற்களைச் சிறு சிறு உறுப்புகளாக உடைத்துக் கற்றுக்கொள்கிறது. பொருள் சிதையாமல் ஒரு விகுதி மட்டும் பிசகினாலும் சொற்பிழைக் கணக்கில் அது முழுச் சொல்லின் பிழையாக ஏறும் என்பதால், தமிழுக்கான விகிதத்தை ஆங்கிலத்தின் விகிதத்தோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

சொற்களைச் சரியாகப் பிடித்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. என் பார்வையில் குரல் உதவியாளரின் பயனைத் தீர்மானிக்கும் இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கிடைத்த வாக்கியம் எந்த வகை வேலையைக் கேட்கிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்த வேலைக்கு வேண்டிய விவரங்களை வாக்கியத்திலிருந்து பொறுக்கியெடுக்க வேண்டும். டைமர் என்றால் தேவையான விவரம் ஒன்றே ஒன்று, எவ்வளவு நேரம் என்பது. அது ஓர் எண். தவறாகக் கேட்டிருந்தால் திரையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். திருத்தவும் ஒரு சொல் போதும். அத்தையை அழைப்பதிலோ சில நூறு பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அந்தப் பெயரை ஆங்கில எழுத்துகளில் சேமித்திருந்தேன். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலையும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு ரயில் பயணச்சீட்டு எடுப்பதாக இருந்தால் தேதி, நிலையங்கள், வகுப்பு, பயணிகள், பணம் என்று விவரங்கள் பெருகுகின்றன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாக இருந்தாலும், ஆறு விவரங்களும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 74 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. விரலால் தொட்டுச் செய்யும்போது ஒவ்வொரு படியும் கண்முன் நிற்கிறது. குரலில் நாம் கேட்பதும் அது புரிந்துகொண்டதும் காற்றோடு போய்விடுகின்றன. மேலும், இந்த உணவகத்தில் எழுதிவைத்த மெனு கிடையாது. எதைக் கேட்டால் கிடைக்கும் என்று தெரியாதவர் இரண்டு முறை ஏமாந்தபின் காபியை மட்டுமே கேட்கப் பழகிவிடுகிறார். நம்மில் பலர் அலாரம், டைமர், வானிலை, பாட்டு ஆகியவற்றோடு நின்றுவிடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதே தொழில்நுட்பத்தின் முதல் பாதி, அதாவது பேச்சை எழுத்தாக்கும் பகுதி, மட்டும் தனியாக இயங்கும் குரல் தட்டச்சு, உதவியாளரைவிட மிகுந்த பயன் தருகிறது என்பது என் துணிபு. 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், கைப்பேசித் திரையில் ஆங்கிலத்தைத் தட்டச்சு செய்வதைவிடக் குரலால் உள்ளிடுவது மும்மடங்கு வேகமாக இருந்தது. கூகுள் 2017இல் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைக் குரல் உள்ளீட்டில் சேர்த்தபின், தமிழ் விசைப்பலகைக்குப் பழகாமல் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவந்த பலருக்குத் தமிழ் எழுத்தில் செய்தி அனுப்ப வழி கிடைத்தது. இங்கே பிழை நேர்ந்தாலும் அனுப்பும் முன் கண் அதைப் பார்த்துவிடும். பார்வையற்றவர்களுக்கும் கைகளை இயக்க முடியாதவர்களுக்கும் பயன் உண்டா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆண்ட்ராய்டில் 2018இல் வந்த வாய்ஸ் ஆக்சஸ் செயலி, திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் குரலால் அழுத்தவைக்கிறது. பேச்சு குழறும் நோய் உடையவர்களிடம்தான் இந்தக் கருவிகள் அதிகம் தடுமாறுகின்றன என்பது வருத்தமான முரண்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பாதுகாப்பு என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் அறக்கட்டளைக்காக நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், குரல் கட்டளை முடிந்த பிறகும் சில கருவிகளில் 27 விநாடி வரை கவனச் சிதறல் நீடித்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் "நான் சொன்னது அதற்குப் புரிந்ததா" என்பதிலேயே நிற்கிறது.

பேச்சை அறியும் மென்பொருள் முழுவதையும் 80 மெகாபைட்டுக்குள் சுருக்கிக் கைப்பேசியிலேயே ஓடவைக்க முடியும் என்று கூகுள் 2019இல் காட்டியபின், இணையம் இல்லாமலேயே கேட்பது இயல்பாகிவருகிறது. இப்போது பழைய உதவியாளர்களின் இடத்தில் கூகுளின் ஜெமினி போன்ற, ஏராளமான எழுத்திலிருந்து மொழியைக் கற்ற பெரும் மொழி மாதிரிகள் அமர்கின்றன. கட்டளையைச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் இவை பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் பழையவை புரியாதபோது "மன்னிக்கவும்" என்று நின்றுவிட்ட இடத்தில், இவை தவறான விடையையும் தயங்காமல் சொல்லிவிடக்கூடியவை.

நான் உதவியாளரின் மொழிகளில் தமிழைச் சேர்த்து, அத்தையின் பெயரைத் தமிழ் எழுத்தில் மாற்றிச் சேமித்தேன். அதற்குப் பின் கேமரா திறக்கவில்லை. அத்தைக்கு இரண்டு எண்கள் இருந்ததால் எந்த எண் என்று கேட்டது. "அவர்கள் இப்போது வைத்திருப்பது" என்ற என் பதில் அதற்கு எட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழைய எண்ணை நீக்கினேன்.