பறவை மோதிய விமானம் ஏன் உடனே திரும்புவதில்லை?

2007 ஏப்ரல் 29 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து லான்சரோட்டே தீவுக்குக் கிளம்பிய ஒரு போயிங் 757, ஓடுபாதையை விட்டு எழுந்துகொண்டிருந்தபோது அதன் வலப்பக்க எஞ்சினுக்குள் பறவை புகுந்தது. விமானங்களைப் படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவரின் காணொளியில் அந்தக் காட்சி அப்படியே பதிவாகியிருக்கிறது. எஞ்சினின் பின்புறத்திலிருந்து நெருப்பு விட்டுவிட்டுச் சீறுகிறது; விமானமோ ஒன்றும் நடக்காததுபோல நேராக ஏறிக்கொண்டே போகிறது. உடன் கேட்கும் வானொலி உரையாடலில் விமானி ‘மேடே’ என்று அபாய அழைப்பு விடுக்கிறார். அந்தக் குரலில் பதற்றத்தின் சாயல்கூட இல்லை. முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: ஓடுபாதை இன்னும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எரிகிற எஞ்சினோடு இவர் ஏன் மேலே போகிறார்?

பறவைகள் பெரும்பாலும் தரையை ஒட்டியே பறப்பதால், மோதல்களில் பெரும்பகுதி விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிகழ்கிறது. ஏறும்போது எஞ்சின் முழு வேகத்தில் சுழல்கிறது, தொட்டிகளில் எரிபொருள் நிறைந்திருக்கிறது, உயரமோ கையில் இல்லை. மோதலின் வலு, பறவையின் எடையைவிட விமானத்தின் வேகத்தையே அதிகம் சார்ந்தது, ஏனெனில் வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு கரும்பருந்து, 150 நாட் (மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர்) வேகத்தில் எழும் விமானத்தில் மோதினால், ஐம்பது கிலோ அரிசி மூட்டை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த அளவு ஆற்றல் வெளிப்படும். அதே பருந்து 250 நாட் வேகத்தில் எதிர்ப்பட்டால், அந்த மூட்டை நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்ததற்குச் சமம்.

இந்த ஆற்றலை எஞ்சினின் எந்தப் பகுதி வாங்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது. பயணிகள் விமானத்தின் எஞ்சினில் முன்னால் தெரியும் பெரிய விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி, உட்கருவுக்குள் நுழையாமல் அதைச் சுற்றியுள்ள குழாய் வழியாகவே பின்னால் போய்விடுகிறது; சிறுபகுதி மட்டுமே நடுவிலுள்ள கருவுக்குள் சென்று, பல அடுக்குக் கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிகிறது. விசிறியின் வெளிவட்டத்தில் பட்ட பறவை துண்டாகி வெளிக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஓரிரு விசிறித் தகடுகள் வளைந்து எஞ்சின் அதிரும், அவ்வளவுதான். கருவுக்குள் புகுந்தால் கதை வேறு.

கம்ப்ரஸருக்குள் இருக்கும் உயர் அழுத்தக் காற்றை முன்பக்கமாகத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருப்பது, சுழலும் தகடுகள் இடைவிடாமல் தரும் தள்ளல் மட்டுமே. இடையில் கதவோ வால்வோ கிடையாது. தகடுகள் வளைந்து காற்றோட்டம் குலைந்தால் அந்தத் தள்ளல் ஒரு கணம் அற்றுப்போக, அழுத்தப்பட்ட காற்று வந்த வழியே முன்னோக்கிப் பாய்கிறது. பீரங்கி வெடித்தாற்போல் ஓசை கேட்கிறது, நெருப்பு வெளியே சீறுகிறது, அழுத்தம் குறைந்ததும் காற்று மீண்டும் உள்ளே போகிறது, மறுபடியும் வெடிக்கிறது. மான்செஸ்டர் காணொளியில் நெருப்பு விட்டுவிட்டு வந்ததன் காரணம் இதுதான். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் எஞ்சின் தீப்பற்றிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பல சமயங்களில் உந்துவிசையைக் குறைத்தாலே அடங்கிவிடும். பயணிகள் அறைக்கான காற்றும் பெரும்பாலான விமானங்களில் இதே கம்ப்ரஸரிலிருந்து எடுக்கப்படுவதால், சில நொடிகளில் கோழியை நெருப்பில் வாட்டும் வாடை இருக்கைகள் வரை வந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாதபோதுகூட, அந்த வாடையே விமானிக்கு ஒரு தடயம்.

இனி விமானியறை. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பாக விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு ‘வி1’ என்ற ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். அந்த வேகத்தை எட்டும் முன் எஞ்சின் செயலிழந்தால் பிரேக் பிடித்து நிற்கலாம். தாண்டிவிட்டால், எஞ்சியிருக்கும் ஓடுபாதை நிற்பதற்குப் போதாது, ஆகவே பறந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டாயத்துக்கு ஏற்றபடிதான் விமானமும் வடிவமைக்கப்படுகிறது. இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்த நிலையிலும், சக்கரங்களை உள்ளிழுத்த பின் ஒவ்வொரு நூறு மீட்டர் முன்னேற்றத்துக்கும் குறைந்தது 2.4 மீட்டர் ஏறியாக வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. மான்செஸ்டர் விமானி மேலே போனதன் காரணம் இப்போது விளங்கும்: ஒற்றை எஞ்சினோடு ஏறுவது அந்த விமானத்துக்குத் தெரிந்த வேலை. மெதுவான வேகத்தில், தரைக்குச் சில நூறு அடி மேலே, கனத்த விமானத்தைச் சாய்த்துத் திருப்புவதே ஆபத்தான வேலை.

ஆகவே முதல் அரை நிமிடத்தில் விமானி செய்வது மிகக் கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும் உந்துவிசை இருப்பதால் மூக்கு மறுபக்கம் இழுபடும். கால் மிதியை அழுத்திச் சுக்கான் கொண்டு அதை நேராக்குகிறார். சக்கரங்கள் உள்ளே போகின்றன. பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறையில், குறைந்தது 400 அடி உயரம் வரும்வரை பழுதான எஞ்சினின் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. மணி ஒலித்துக்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பழுதான எஞ்சின் பக்கம் யார் கையும் போகாது. பயிற்சியில் கற்பதற்கு இதுவே மிகக் கடினமான பாடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நிதானத்துக்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-400 விமானத்தில், உடைந்தது இடப்பக்க எஞ்சினின் விசிறித் தகடு. விமானிகள் அணைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலப்பக்க எஞ்சினை. 47 பேர் இறந்தனர். அங்கே பறவைக்குச் சம்பந்தமில்லை, அவசரத்துக்கே சம்பந்தம். இன்று துணை விமானி நெம்புகோலின்மேல் கையை வைத்து, ‘இரண்டாம் எஞ்சின், சரிதானா?’ என்று கேட்பார். மற்றவர் தம் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று சொன்ன பிறகே அந்தக் கை நகரும். எரிபொருளை நிறுத்துவதற்கும் தீயணைப்புப் பொத்தானை அழுத்துவதற்கும் தனித்தனியே இதே கேள்வி, இதே பதில்.

முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு என்பது விமானிகளின் வரிசை. அதனால்தான் தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குச் செய்தி சற்றுத் தாமதமாக வரும். வந்தாலும் ‘மேடே, எஞ்சின் பழுது, ஓடுபாதைத் திசையிலேயே தொடர்கிறோம்’ என்ற அளவில்தான் இருக்கும். நல்ல கட்டுப்பாட்டாளர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஆனால் அவர் கைகள் ஓய்வதில்லை. அந்த அலைவரிசையில் பேசும் மற்ற விமானங்களை வேறொன்றுக்கு மாற்றுகிறார், அடுத்த புறப்பாடுகளை நிறுத்துகிறார், தீயணைப்பு நிலையத்துக்கு மணி அடிக்கிறார். உடைந்த தகடோ பறவையின் உடலோ கிடக்கக்கூடும் என்பதால் ஓடுபாதையைச் சோதிக்க வண்டி அனுப்பப்படுகிறது. விமானத்தில் எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்ற கேள்விகள் மீட்புப் படைக்குத் தேவையானவைதாம். ஆயினும் விமானி ‘ஸ்டாண்ட்பை’ (பொறுங்கள்) என்று ஒரு சொல்லில் அவற்றைத் தள்ளிவைக்கலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் போயிங் 737-800 இந்த வரிசைக்கு நல்ல உதாரணம். எழும்போதே இடப்பக்க எஞ்சினில் பறவை மோதியது, தரையிலிருந்தவர்கள் தீப்பொறியைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள், கேப்டன் மோனிகா கன்னா அந்த எஞ்சினை அணைத்துவிட்டு 185 பயணிகளோடு பாட்னாவிலேயே பத்திரமாக இறக்கினார். இவ்வகை விமானத்தில் எடையைக் குறைக்க எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. அதிகபட்சமாக 79 டன் எடையோடு எழ அனுமதிக்கப்பட்ட 737-800 இறங்குவதற்கான வரம்பு சுமார் 66 டன்தான். நெருக்கடியில் அந்த வரம்பை மீறி இறங்கலாம்; பிறகு சக்கரங்களையும் இறக்கைகளையும் பொறியாளர்கள் சோதித்தாக வேண்டும், அவ்வளவே.

இதுவரை சொன்னது முழுவதும் ஓர் எஞ்சினாவது ஓடும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியாவிலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549இல் அந்த நம்பிக்கை உடைந்தது. பிற்பகல் 3:27 மணிக்கு, 2,818 அடி உயரத்தில், ஏர்பஸ் ஏ320 விமானம் கனடா வாத்துக் கூட்டத்துக்குள் நுழைந்தது. அதன் சிஎஃப்எம்56 எஞ்சின்கள் 1.8 கிலோ எடையுள்ள ஒற்றைப் பறவையை விழுங்கினால் வெடித்துச் சிதறாமல் பத்திரமாக நின்றுபோக வேண்டும் என்ற அளவுக்கே சோதிக்கப்பட்டிருந்தன. கனடா வாத்து அதைப்போல இருமடங்கு எடை கொண்டது. இரண்டு எஞ்சின்களிலும் வாத்துகள் கருவுக்குள் போயின. அதுவரை துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த விமானத்தைக் கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். நெருக்கடிக்கான செய்முறைப் பட்டியலில் பின்னால் வரும் ஒரு வேலையை, அதாவது வால்பகுதியிலுள்ள துணை மின்னாக்க எஞ்சினை இயக்குவதை, அவர் தாமாகவே முதலில் செய்தார். விமானத்தின் கணினிகளுக்கு மின்சாரம் அறுபடாமல் இருந்ததும், கடைசிவரை அது கட்டுக்குள் நின்றதும் அதனால்தான். ஸ்கைல்ஸ் புரட்டிய இரட்டை எஞ்சின் செயலிழப்புப் பட்டியலோ மூன்று பக்க நீளம். வெகு உயரத்தில், நிறைய நேரம் இருக்கும்போது பயன்படுத்துவதற்காக எழுதப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் முடிக்க முடிந்தது.

கட்டுப்பாட்டாளர் பேட்ரிக் ஹார்ட்டனின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. திரும்புகிறோம் என்று கேட்டவுடன் இடப்பக்கமாகத் திசைகாட்டியின் 220 பாகைத் திசைக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, லகார்டியா கோபுரத்தை அழைத்துப் புறப்பாடுகளை நிறுத்தச் சொன்னார். எந்த எஞ்சின் என்று கோபுரம் கேட்டது. இரண்டும் என்றார் ஹார்ட்டன். அதன் பிறகு அவர் விமானியிடம் வைத்தவை யாவும் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்: 13ஆம் ஓடுபாதையில் முயல்கிறீர்களா? முடியாது, ஹட்சன் ஆற்றில்தான் இறங்க நேரலாம். 31? முடியாது. அருகிலுள்ள டீட்டர்போரோ விமான நிலையத்துக்குப் போகிறீர்களா? சரி. உடனே டீட்டர்போரோவிடம் 1ஆம் ஓடுபாதையைப் பெற்றுக் கொடுத்தார். முடியாது. எந்த ஓடுபாதை வேண்டும் என்று கேட்டபோது, ஹட்சனில் இறங்கப்போகிறோம் என்று பதில் வந்தது. சல்லன்பெர்கர் பதற்றத்தில் தம் அழைப்பு எண்ணை 1539 என்றார், ஹார்ட்டனோ 1529 என்றார். இருவரில் ஒருவரும் அதைத் திருத்துவதற்கு ஒரு நொடியையும் செலவிடவில்லை. மோதியதிலிருந்து நீரில் இறங்கும்வரை கிடைத்தது சுமார் மூன்றரை நிமிடம். 155 பேரும் பிழைத்தார்கள்.

திரும்பியிருக்க முடியாதா என்ற கேள்வியை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானப் பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) சோதித்தது. மோதிய கணத்திலேயே திருப்பிய முயற்சிகள் சிலவற்றில் லகார்டியா எட்டியது. என்ன நடந்தது என்று உணர்ந்து முடிவெடுக்க மனிதருக்குத் தேவைப்படும் 35 வினாடிகளைச் சேர்த்தபோது எட்டவில்லை. 2019 ஆகஸ்ட் 15 அன்று மாஸ்கோ அருகே ஜுகோவ்ஸ்கியிலிருந்து கிளம்பி, கடற்காகங்களால் இரண்டு எஞ்சின்களிலும் அடிபட்ட ஊரல் ஏர்லைன்ஸ் ஏ321க்கு இந்த அளவு உயரமும் இல்லை. அது நேர் எதிரேயிருந்த சோளக்காட்டில் சக்கரங்களை விரிக்காமல் இறங்கியது. அதிலிருந்த 233 பேரும் உயிர் தப்பினர்.

இறங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. எஞ்சினில் ஒட்டியிருக்கும் இறகு, சதை, இரத்தக் கறை ஆகியவற்றைச் சுரண்டி எடுத்து, எந்தப் பறவை என்று கண்டறிய அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இறகு ஆய்வகம் இதைச் செய்கிறது. 1549இன் எஞ்சின்கள் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பின், மரபணுச் சோதனை அது கனடா வாத்துதான் என்று உறுதிசெய்தது. இறகிலிருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம், பறவை இறகு முளைத்த காலத்தில் எந்த நிலப்பகுதியின் நீரைக் குடித்தது என்பதைக் காட்டும். அந்த அளவீட்டின்படி அவை நியூயார்க்கின் பூங்காக்களில் ஆண்டு முழுவதும் மேயும் உள்ளூர் வாத்துகள் அல்ல. கனடாவின் லாப்ரடார் பக்கத்திலிருந்து வலசை வந்தவை.