எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதாது

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் மதியச் சோற்றுடன் ஒரு முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வாரத்தில் ஒருநாள் அவித்த பயறோ கொண்டைக்கடலையோ தட்டில் விழும்.

குழந்தைகள் நல மருத்துவரான என்னிடம், "பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுத்துக்கொள்கிறான், ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று வரும் பெற்றோரில் பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். மதியத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பேன். திங்கட்கிழமை எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், செவ்வாய்க்கிழமை தக்காளி சாதமும் அப்பளமும், புதன்கிழமை இட்லியும் மிளகாய்ப்பொடியும், பிறகு ஒருநாள் நூடுல்ஸ். வாரம் முழுவதும் துழாவினாலும் பருப்போ முட்டையோ கீரையோ கண்ணில் படாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கும் குழந்தையின் டப்பா, சத்துணவுத் தட்டைவிட ஏழையாக இருக்கிறது.

அந்தத் தட்டு ஒரே நாளில் நிறைந்துவிடவில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராஜர் மாநிலம் முழுவதும் கொண்டுசென்றார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. வயிறு நிறைந்தால் போதாது, புரதமும் சேர வேண்டும் என்பதை அரசுத் திட்டமே படிப்படியாகக் கற்றுக்கொண்டது. நம் வீட்டுச் சமையலறை ஏன் இன்னும் வயிறு நிறைவதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது மதிய உணவுத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு வகுத்துள்ள அளவு. 75 கிராம் அரிசியில் வடித்த சோற்றில் ஐந்தாறு கிராம் புரதம்தான் தேறும். அதிலும் புரதத்தின் கூறுகளில் ஒன்றான லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை நிரப்புபவை பருப்பும் பயறும். சாம்பார் சோறும் பொங்கலும் உண்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் காலை ஆறரை மணி அவசரத்தில் முதலில் விடுபடுவது பருப்புதான்.

இரும்புச்சத்தின் நிலை இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அவர்கள்தாம் இன்று ஒன்றாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள நன்றாக உதவும். ஆனால் ஈர்ப்பதற்கு அந்த டப்பாவில் இரும்புச்சத்து எங்கே இருக்கிறது?

ஆகவே எலுமிச்சை சாதத்தை விடச் சொல்லவில்லை. அதில் அவித்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி சேருங்கள். சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். புளியோதரையில் வேர்க்கடலையைத் தாராளமாகப் போடுங்கள். 30 கிராம் வேர்க்கடலையில் ஏழு கிராம் புரதம் இருக்கிறது. (வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு, அவர்களுக்கு இது வேண்டாம்.) உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் வாரம் இரண்டு நாள் முட்டைப் பொடிமாஸ் இருக்கட்டும். கீரையைக் கண்டால் ஓடும் குழந்தைகூட முருங்கைக்கீரை போட்ட அடையைச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது என்பவர்கள், ஆறிய சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து அனுப்பலாம். நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த முறை அது. தேங்காய்ச் சட்னியை மட்டும் வெயில் காலத்தில் தவிர்த்துவிடுங்கள்; சீக்கிரம் கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்தும் டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்தால், பத்தரை மணி இடைவேளையைப் பாருங்கள். கிரீம் பிஸ்கட்டும் சிப்ஸும் போன வயிற்றில் பன்னிரண்டரைக்குப் பசி எப்படி எடுக்கும்? அந்தச் சிறு டப்பாவில் ஒரு கொய்யாத்துண்டோ வாழைப்பழமோ சுண்டலோ போதும். உணவு இடைவேளை எத்தனை நிமிடம் என்று பள்ளியில் கேளுங்கள். மூடியைத் திறக்கத் தெரியாமல் அப்படியே கொண்டுவரும் யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புது டப்பா வாங்கினால் குழந்தையே திறந்து மூடுகிறதா என்று வீட்டில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் குழந்தை அங்கே போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. மலச்சிக்கல் வருகிறது, வயிறு கனத்துப் பசி போய்விடுகிறது. "சாப்பிட மாட்டேன் என்கிறாள்" என்று அழைத்துவரப்படும் குழந்தைகளிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்கிறாய் என்பதைத்தான். தண்ணீர்ப் புட்டி மாலையில் காலியாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன் கழிப்பறையைப் பற்றிப் பேசுங்கள்.

அதே கூட்டத்தில் பேச வேண்டிய மற்றொன்றும் உண்டு. முட்டையும் அசைவமும் கொண்டுவரக் கூடாது என்று சில தனியார் பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன. வீட்டில் முட்டை சாப்பிடும் குழந்தைக்கு, மலிவாகக் கிடைக்கும் மிகச் சிறந்த புரதத்தை மதிய வேளையில் மறுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வாசனை பிடிக்காத குழந்தை சற்றுத் தள்ளி உட்காரலாம். அதற்கு ஒரு தடை எதற்கு? பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. அந்த விதியைக் கடைப்பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டானிக் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் எழுதித் தருவது ஹீமோகுளோபின் பரிசோதனை. ஐந்து முதல் பதினோரு வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அதற்கு மருந்து வேண்டும், உணவு மட்டும் போதாது. குடற்புழுவாலும் இரத்தசோகை வரலாம்; ஆகவே பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.