வேலை அங்கே, நெரிசல் இங்கே

போரூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகடு அடைத்திருக்கும் இடம் நூறு மீட்டர்கூட இருக்காது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டி நின்றுவிடுகிறது. ஊர்ந்து ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தால், அந்த இடத்தைத் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அப்படியானால் எங்களை இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது எது?”

எளிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். ஓடும் சாலையில் ஒரு வண்டிக்கும் அதே தடத்தில் பின்னால் வரும் வண்டிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு விநாடி இடைவெளி இருக்கும். ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடி. ஆக, ஒரு தடம் மணிக்கு 1,800 வண்டிகளை விடும். இரண்டு தடத்தில் ஒன்றை அடைத்தால் பாதி போயிற்று. மிஞ்சிய தடத்திலும் எல்லோரும் தயங்கித் தயங்கி நுழைவதால் இன்னும் கொஞ்சம் குறையும். 1,500 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வந்து சேரும் ஒவ்வொரு வண்டியும் வரிசையில் நின்றாக வேண்டும்.

அந்த வரிசைக்கு ஒரு வால் உண்டு. வண்டிகள் எல்லாம் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்க, வால் மட்டும் பின்னோக்கி நகரும். எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிட முடிகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 1955இல் லைட்ஹில், விதம் என்ற இரண்டு பிரிட்டிஷ் கணித அறிஞர்கள் இரண்டு பகுதிகளாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது, நெரிசலான நீண்ட சாலைகளைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே கணிதம்!

நாமே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 2,200 வண்டிகள் 55 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் சாலையில் 40 வண்டிகள் இருக்கும். வரிசைக்குள் வந்துவிட்டால் வேகம் 10 கிலோமீட்டர்தான். மணிக்கு 1,500 வண்டிகள் நகர்கின்றன. அங்கே ஒரு கிலோமீட்டரில் 150 வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். வரத்துக்கும் போக்குக்கும் உள்ள வித்தியாசம் 700. நெருக்கத்தில் உள்ள வித்தியாசம் 110. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 6.4 வருகிறது. வால் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போகிறது. வேகமாக நடக்கும் மனிதனின் வேகம். அரை மணி நேரத்தில் வரிசை 3.2 கிலோமீட்டருக்கு நீண்டுவிடும்.

சரி, கூட்ட நேரம் முடிந்தால் உடனே கரைந்துவிடுமா? வரத்து 1,080ஆகக் குறைந்து, வண்டிகள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வையுங்கள். கிலோமீட்டருக்கு 18 வண்டிகள். இப்போது வால் முன்னோக்கித் திரும்பும். ஆனால் அதே வகுத்தலைப் போட்டால் கிடைக்கும் வேகம் மணிக்கு 3.2 கிலோமீட்டர்தான். அரை மணியில் சேர்ந்த வரிசை கரைய ஒரு மணி நேரம் ஆகிறது. “ஒன்பதரைக்கே கூட்டம் குறைந்துவிட்டதே, பத்து மணிக்கும் ஏன் நிற்கிறோம்” என்ற புலம்பலுக்குப் பதில் இதுதான்.

வரிசைக்குள்ளேயும் சின்னச் சின்ன அலைகள் உண்டு. நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கிறோமே, அது. ஜப்பானில் ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்றார்கள். தடுப்பு இல்லை, சிக்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக அழுத்த, நாலைந்து கார்கள் நின்றேவிட்டன. நிற்கும் அந்தத் திட்டு மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வட்டத்தைச் சுற்றியது. 2008இல் வெளியான இந்தச் சோதனையின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. அவசியம் பாருங்கள்.

நேர்ச்சாலையில் வேலை நடப்பதைவிட மேம்பாலச் சந்திப்பில் நடப்பது ஏன் பல மடங்கு தொல்லை என்பதும் இந்த வாலை வைத்தே புரியும். கத்திப்பாராவை எடுத்துக்கொள்வோம். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை ஆகிய நான்கும் சிக்னல் இல்லாமல் பிரிந்து சேர வேண்டும் என்பதற்காகவே 2008இல் அந்தச் சுருள் மேம்பாலத்தைத் திறந்தார்கள். பூந்தமல்லி சாலையில் ஓரிடத்தைக் குறுக்கினால் வால் பின்னோக்கி வந்து, இணைப்புச் சாலையில் ஏறி, வண்டிகள் பிரியும் வாய் வரைக்கும் எட்டும். அந்தக் கணத்திலிருந்து பூந்தமல்லிப் பக்கமே போகாத விமான நிலையப் பயணியும் சேர்ந்து நிற்கிறார். ஒரு சாலையின் நெரிசல் நான்கு சாலைகளின் நெரிசலாகிறது. ஆகவே குறுக்கும் இடத்துக்கும் அதற்கு முந்தைய பிரிவுக்கும் நடுவில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்பதுதான் மாற்றுப்பாதை போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது. சில நேரம், வேலை நடக்கும் இடத்தைத் தொடாமல், ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு யூ டர்னை அடைப்பார்கள். “அங்கே பள்ளம் தோண்டினால் இங்கே எதற்கு அடைக்கிறார்கள்” என்று நாம் கோபப்படுவோம். பெரும்பாலும் அது வாலுக்கு இடம் ஒதுக்கும் வேலை.

இந்த வால்தான் ஆபத்தான இடமும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு முன்னால், எந்த அறிவிப்பும் இல்லாமல் நிற்கிற வண்டிகள். பின்னால் வந்து மோதும் விபத்து வேலை நடக்கும் பள்ளத்தருகே நடப்பதைவிட இங்கே நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரவில் வளைவு தாண்டியவுடன் வால் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். பத்து நாளில் இரண்டு மோதல் நடந்ததும், “அந்த இடம் காவு கேட்கிறது” என்று பேச்சு கிளம்பிவிடும். எலுமிச்சம்பழம் வரும், பூசணிக்காய் வரும். உடைத்த பூசணிக்காய் சாலையிலேயே கிடந்து இருசக்கர வண்டிக்காரரை வழுக்கிவிடும். காவு கேட்பதெல்லாம் ஒன்றுமில்லை. தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு வால் வந்து நிற்கும் இடம் அது, அவ்வளவுதான். “வேகத்தைக் குறைக்கவும், முன்னால் வரிசை” என்ற ஒளிரும் பலகையை வால் எட்டும் தூரத்துக்கும் முன்னால் வைத்தால் உயிர்கள் மிஞ்சும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ், சாலையில் வேலை நடக்கும் இடங்களுக்காக வெளியிட்ட எஸ்.பி. 55 வழிகாட்டியும் முன்னெச்சரிக்கைப் பகுதி என்று ஒன்றைத் தனியாகவே வகுத்திருக்கிறது. நம்மூரில் பல இடங்களில் பலகை பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

குறுகும் வாயில் எப்படி நுழைவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு தடத்தையும் கடைசி வரை பயன்படுத்திவிட்டு, முனையில் இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று மாறி மாறிச் சேர்வது. ஜெர்மனியில் இது சாலை விதியிலேயே இருக்கிறது. இப்படிச் செய்தால் ஒரே வரிசையாக நீள்வது இரண்டாக மடிந்து, வால் பாதி தூரத்தில் நின்றுவிடும். ஆனால் நம் சாலையில் பேருந்து, ஷேர் ஆட்டோ, பைக் எல்லாம் தடம் பார்க்காமல் கலந்து வருகின்றன. இரண்டு தட வாயில் நான்கு வரிசை முட்டும்போது, புனலில் கொட்டிய அரிசி அடைத்துக்கொள்வதுபோல ஒன்றையொன்று தாங்கிப் பூட்டிக்கொள்கிறது. மேலைநாட்டுச் சூத்திரங்கள் இங்கே அப்படியே பொருந்தாது. நான் மேலே போட்ட கணக்கும் தடம் பிசகாத சாலைக்கானதுதான்; வால் பின்னோக்கி நகர்வது மாறாது, எண்கள் மாறும்.

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போகும் வண்டிகளைக் காணொளியாக எடுத்து, ஒவ்வொன்றின் பாதையையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், 2015இல் வெளியானது. பைக்குகள் எந்த இடுக்கில் நுழைகின்றன, கார் எவ்வளவு ஒதுங்குகிறது என்பதெல்லாம் அப்படிப்பட்ட தரவிலிருந்துதான் தெரியவரும். கோடிகளில் மேம்பாலம் கட்டும்போது, அதன் கட்டுமானக் காலத்துக்கு இதுபோன்ற அளவீட்டுக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்குவது வீண்செலவே அல்ல. ட்ரோனும் கேமராவும் இருக்கின்றன, மாணவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வாசகருக்கு ஒன்று. உங்களை நிறுத்தி வைத்தது நூறு மீட்டர் தகடு மட்டுமல்ல, உங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த 300 வண்டிகளும்தான். இரண்டு கிலோமீட்டர் முன்னால் நின்றால் நம் கணக்குப்படி பன்னிரண்டு நிமிடம் அதிலேயே போகும். வாலைக் கண்டதும் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிடுங்கள். பின்னால் வருபவர் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார்.