கிழங்குத் தழையை டிரம்மில் புளிக்க வைக்கும் முன்

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வெட்டு தொடங்கிவிட்டால் கிழங்கு சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்குப் போய்விடும், குச்சி அடுத்த நடவுக்குப் போய்விடும், கொழுந்தும் தழையும் வரப்பில் கிடக்கும். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். புண்ணாக்கு விற்கிற விலைக்கு இதை எரிப்பது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவிழ்த்துவிட்ட ஆடு பச்சைத் தழையை மேய்ந்து, வயிறு உப்பி, மூச்சு இரைத்துச் சாவதும் இதே சீசனில்தான். விஷத்தைப் போக்கி டிரம்மில் காற்றுப் புகாமல் புளிக்க வைத்தால் இதே தழை மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் ஆகிவிடும்.

இலையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, இலை நசுங்கினால்தான் ஆபத்து. இலையிலேயே உள்ள நொதி அதோடு சேர்ந்து, ஹைட்ரஜன் சயனைடைக் கிளப்பிவிடும். இது ஆட்டின் வயிற்றில் நடந்தால் சாவு, களத்தில் நடந்தால் காற்றோடு போகும். அந்த விஷம் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சேலத்து வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! அதனால் வாட்டிவிட்டு வெட்டாதீர்கள். தட்டு வெட்டும் மெஷினில் 2 சென்டிமீட்டர் துண்டாக முதலில் வெட்டி, பிறகு களத்தில் மெல்லிசாகப் பரப்பி வாட்டுங்கள். முற்றிய குச்சி வேண்டாம், கொழுந்தும் இலையும் மட்டும் போதும்.

எவ்வளவு வாட வேண்டும்? ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாக விரிய வேண்டும், உள்ளங்கை லேசாக நனைந்திருக்க வேண்டும். ஏற்காட்டில் பனி மூடிய நாளில் இந்தப் பதம் வரவே வராது. அங்கே, சேகோ மில்லில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியைக் காய்ந்ததாகப் பார்த்துக் கூட்டிப்போட்டு ஈரத்தை இழுக்க வேண்டியதுதான்.

வாடிய தழை 100 கிலோவுக்குக் காய்ந்த திப்பி 10 கிலோ, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) 3 கிலோ, உப்பு அரை கிலோ. 200 லிட்டர் டிரம் ஒன்றுக்கு இது சரியாக இருக்கும். "திப்பியில்தான் மாவு இருக்கிறதே, மொலாசஸ் எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாவில் பெரும்பாலானவை மாவைத் தொடாது, அவற்றுக்குச் சர்க்கரைதான் வேண்டும். மொலாசஸ் கிடைக்காவிட்டால் மட்ட வெல்லத்தைக் கரைத்து ஊற்றலாம். யூரியா மட்டும் வேண்டாம். புளிப்பு ஏறவிடாமல் அது தடுக்கும், அளவு தவறினால் மாட்டையே கொல்லும்.

அரை அடி உயரத்துக்குப் போட்டு, ஏறி மிதித்து, மறுபடி அரை அடி. கெட்டுப்போகும் டிரம்களில் பெரும்பாலானவை இந்த மிதியில் கோட்டை விட்டவைதான். இடுக்கில் காற்று நின்றால் பூஞ்சை பிடிக்கும். மேலே பாலிதீன் விரித்து, மூடியை வளையம் போட்டு இறுக்கி 45 நாள் விடுங்கள். நடுவில் திறந்து பார்க்கும் ஆசை ஆகாது.

திறக்கும்போது முகத்தை டிரம்முக்குள் நீட்டாதீர்கள். நிறம் மஞ்சள் கலந்த பச்சை, வாடை ஊறுகாய்ப் புளிப்பு, புளிப்பை அளக்கும் பிஹெச் தாளில் 4.2க்குக் கீழ் என்றால் சரி. கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடித்தால் ஈரம் மிஞ்சியிருக்கிறது. பூஞ்சை கண்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் கழிப்பது ஓரளவு பரவாயில்லை. அடிவரை ஓடியிருந்தால் முழுவதும் எருக்குழிக்குத்தான். ஆட்டுக்குக் கெட்ட ஊறுகாய்ப்புல் கொடுத்தால் தலை சாய்ந்து ஒரே பக்கமாகச் சுற்றும் லிஸ்டீரியா நோய் வரலாம்.

எடுத்ததை ஒரு மணி நேரம் பரப்பி வைத்துவிட்டுப் போடுங்கள். கறவை மாட்டுக்கு முதல் நாள் 1 கிலோ, படிப்படியாக ஏற்றி ஒரு வாரத்தில் நாளுக்கு 5 கிலோ, அதுவும் சோளத்தட்டோடு கலந்து. பால் கறந்த பிறகு போட்டால் பாலில் வாடை ஏறாது. பச்சைத் தழை தின்ற ஆடு மூச்சுத் திணறினால் கை வைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்; சோடியம் தயோசல்ஃபேட் ஊசியை ரத்தக்குழாயில் போட வேண்டும், நிமிடக் கணக்குதான்.

திறந்த டிரம் 10 நாளுக்குள் தீர வேண்டும், மூன்று மாடு இருந்தால் தீரும். ஒன்றிரண்டு மாடுதான் என்றால் பெரிய டிரம் வாங்காமல் 50 லிட்டர் கேன் நாலில் போட்டுக்கொள்ளுங்கள்.