தினமும் ஒரு மாத்திரை: சிஎம்எல் ரத்தப் புற்றுநோயோடு வாழ்வது

ரத்தப் புற்றுநோய் என்றதும் நம் கண்முன் வருவது முடி கொட்டிய தலையும் மூக்கிலிருந்து வழியும் ரத்தமும்தான், சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. லுக்கேமியா என்பது ஒரே நோய் இல்லை. அதில் ஒரு வகை வந்தவர் இரவு சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார், பேரன் பேத்தியும் பார்க்கிறார். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா, சுருக்கமாக சிஎம்எல். அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது, அதை ஏன் விடவே கூடாது, கூட இருப்பவர்கள் எதைச் செய்தால் அது உண்மையான உதவி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்யூட் வகைகள் வேறு கதை. அவற்றில் நோய் வாரக்கணக்கில் முற்றும், உடனே அட்மிட் செய்து கீமோதெரபி ஆரம்பித்தாக வேண்டும். அந்த வாரங்களில் பிளேட்லெட் திரும்பத் திரும்பத் தேவைப்படும், எடுத்து வைத்த பிளேட்லெட் ஏறக்குறைய 5 நாள்தான் தாங்கும் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் தானம் கொடுக்க ஒரே நாளில் போய் நிற்பதைவிட முறை வைத்துக்கொண்டு வருவது நல்லது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம், இப்போது சிஎம்எல்லுக்கு வருவோம்.

இது பெரும்பாலும் சத்தம் போடாமல் வரும். களைப்பு, கொஞ்சம் எடை குறைவது, இரவில் வேர்ப்பது, இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு கனம். மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்துவதால் பாதிச் சாப்பாட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கும், வீட்டில் அதை கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைக்கூடத் தாண்டி நிற்கக்கூடும். மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்களுக்கு வரும் இந்த நோய், நம் நாட்டில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களிடமே நிறையக் காணப்படுகிறது. சம்பாதிக்கிற வயது, கல்யாண வயது, கைக்குழந்தை இருக்கிற வயது.

காரணம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரே ஒரு தாய் அணுவில் நடந்த விபத்து. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் சிஎம்எல் நோயாளிகளின் அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர் விழுந்தது. அது ஏன் குட்டையானது என்பதைச் சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை 1973-இல் அவர் வெளியிட்டார். பின்னால்தான் இன்னும் தெளிவானது: இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன, அந்த இடமாற்றத்தில் 9-இல் இருந்த ஏபிஎல் என்ற மரபணு 22-இல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டி, உடம்பில் அதுவரை இல்லாத ஒரு ஒட்டு மரபணு உருவாகிவிடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விபத்து பிறந்த பிறகு, மஜ்ஜையில் உள்ள ஓர் அணுவில் நடப்பது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அது இல்லை. ஆகவே சிஎம்எல் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. தொற்றவும் செய்யாது. "அந்தக் குடும்பத்துல கேன்சர் இருக்காம்" என்று சொல்லி தம்பி தங்கையின் வரன் தட்டிப்போவதற்கு அறிவியலில் இம்மியளவும் ஆதாரம் கிடையாது.

சரி, அந்த ஒட்டு மரபணு என்ன செய்கிறது? ஏபிஎல் மரபணு தயாரிக்கும் புரதம் ஒரு கைனேஸ். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் வைப்பது அதன் வேலை, பாஸ்பேட் ஏறினால் அந்தப் புரதத்துக்கு 'வேலையை ஆரம்பி' என்று உத்தரவு. சாதாரணமாக இது தேவைப்படும்போது மட்டும் இயங்கி நின்றுவிடும். பிசிஆரோடு ஒட்டிக்கொண்ட பிறகு நிற்பதே இல்லை. மாடித் தொட்டி நிறைந்த பிறகும் தானாக நிற்காத மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வழிந்து ஓடுவது மாதிரி வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. இப்படியே விட்டால் சில வருஷங்களில் நோய் அக்யூட் லுக்கேமியா போலச் சீறும், அந்தக் கட்டம் வந்துவிட்டால் சமாளிப்பது மிகக் கடினம்.

ஏடிபி போய் உட்காரும் பள்ளத்தில் வேறொன்றை உட்கார வைத்து அடைத்துவிட்டால் கைனேஸால் பாஸ்பேட் எடுக்க முடியாது. ஆரம்பத்தில் சொன்ன அந்த மாத்திரை, அதாவது இமாடினிப், செய்வது அதைத்தான். சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் (பிறகு நோவார்டிஸ் ஆனது) நிக்கோலஸ் லைடன், யுர்க் சிம்மர்மன் முதலியோர் உருவாக்கிய இந்த மூலக்கூறை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் விடாப்பிடியாக நோயாளிகள் வரை கொண்டுவந்தார். 1998 ஜூனில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். அந்த முதல் சோதனையில் சேர்ந்தவர்கள் வேறு சிகிச்சை பலிக்காமல் போனவர்கள். தினம் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் இன்டர்ஃபெரான் ஊசியோடு காலம் தள்ள வேண்டும், இல்லையென்றால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பொருந்துகிற உடன்பிறப்பு வேண்டும். இமாடினிப் கொண்டு தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில் 10 வருஷத்துக்குப் பிறகு 83 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மாத்திரை நம் ஊர்க்காரர் கைக்கு எட்டியதற்குச் சென்னையில் நடந்த ஒரு வழக்குக்கும் பங்கு உண்டு. நோவார்டிஸ் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது, காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி)-யை எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட மனுவை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்டிஸுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அது நோயைத் தீர்ப்பதில் மேலானது என்று காட்ட வேண்டும் என்பதே சாரம். மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்து, இந்தியத் தயாரிப்பாக அப்போதே பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டு வந்த மருந்து எங்கே தோற்கிறது தெரியுமா? பெரும்பாலும் வீட்டு அலமாரியில். மாத்திரையைப் போடாமல் விடுவதில்.

மருந்து அந்தப் பள்ளத்தை அடைத்து வைக்கிறதே தவிர, விபத்து நடந்த தாய் அணுக்களில் தூங்கிக் கிடக்கும் சிலவற்றை அதனால் கொல்ல முடிவதில்லை. ஒரு வேளை போட்ட மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும், ஆக இரண்டு நாள் விட்டால் பள்ளம் திறந்துகொள்ளும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடிக்குள் சிறு மின்னணுக் கருவியை வைத்து, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் பதிவு செய்தார்கள், 2010-இல் வெளிவந்த ஆய்வு அது. போட வேண்டியதில் 90 சதவீதத்துக்கு மேல் போட்டவர்களில், நோயின் ஒட்டு மரபணு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கான வாய்ப்பு 6 வருஷத்தில் 94.5 சதவீதம். 90 சதவீதமோ அதற்குக் கீழேயோ இருந்தவர்களுக்கு 28.4 சதவீதம். 80 சதவீதமோ அதற்கும் கீழேயோ போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவு குறையவில்லை. மாதத்துக்கு மூன்று மாத்திரை விட்டால் 90-க்கு வந்துவிடுவீர்கள், கணக்கு அவ்வளவுதான்.

ஏன் விடுகிறார்கள்? சோம்பலால் இல்லை. மாத்திரை போட்ட சில வாரங்களில் உடம்பு நன்றாகிவிடுகிறது, அப்புறம் உடம்புக்குத் தொல்லை தருவது மாத்திரையாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்தால் கண் இரப்பை வீங்கியிருக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் சாப்பாட்டோடு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடச் சொல்கிறார்கள். இதே மருந்து தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்குத் தேவையான இன்னொரு கைனேஸையும் அடைப்பதால் நம் மாநிறம் வெளுக்க ஆரம்பிக்கும், ஊரில் "என்ன, ஆளு கலராயிட்டே" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்துப் போடும் பெண்களும் உண்டு, விருந்தாளி வந்த நாளெல்லாம் அவர்களுக்கு மாத்திரை இல்லாத நாள்.

என் சித்தப்பா ஒருவருக்கு இந்த நோய் உண்டு, தையல்காரர். சித்தி ஒரு வேலை செய்தார், எனக்கு அதைவிட நல்ல யோசனை எங்கேயும் கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் காலையில் கிழிக்கிற தினசரி காலண்டர் தாளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழிக்கும்படி மாற்றிவிட்டார். மாத்திரை போட்டால்தான் தாளைக் கிழிக்கலாம், கிழிப்பது சித்தப்பா மட்டும். காலையில் பழைய தேதி தொங்கினால் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். "போட்டீங்களா, போட்டீங்களா" என்று தினம் கேட்பது இல்லை, அந்தக் கேள்விதான் அவருக்கு எரிச்சல் மூட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது என்பதையும் மாத்திரை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

கூட இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி இந்த மாதிரிதான். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது ஒரு நாள் விஷயம், இந்த நோய்க்கு வேண்டியது வருஷக்கணக்கில் சலிக்காத ஒரு துணை. கடைசி அட்டை பிரிப்பதற்குள் அடுத்த மாதத்து மருந்து வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனால் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்க விளைவு தாங்கவில்லை என்று அவர் சொன்னால் "உயிரைவிட அது பெருசா" என்று அடக்காமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அளவை மாற்றலாம், டாசாடினிப், நிலோடினிப் என்று வேறு மாத்திரைகளும் வந்துவிட்டன. வேறு எந்த மருந்து ஆரம்பிக்கும் முன்பும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் இமாடினிப்பை உடம்பில் தங்கவிடாமல் செய்துவிடும், கிரேப்ஃப்ரூட் அதற்கு நேர்மாறாக அளவை ஏற்றிவிடக்கூடும், நம் ஊர் பம்பளிமாஸும் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் ஒதுக்கிவிடுவதே நல்லது. நாட்டு மருந்தோ சூரணமோ எடுத்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் கரு தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசித் திட்டமிட வேண்டும், இந்த மருந்து வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாது.

அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே ஆர்டி-பிசிஆர் முறையில் (இது பரிசோதனையின் பெயர், மேலே சொன்ன பிசிஆர் மரபணு வேறு) ஒட்டு மரபணு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளப்பார்கள். சாதாரண ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது, காரணம் பணம். எண்ணிக்கை சரியான பிறகும் உள்ளே நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை இது மட்டுமே காட்டும். ஒட்டு மரபணுவின் அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குள், ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்துக்குள் வந்தால் வண்டி சரியான பாதையில் போகிறது. குறைந்த எண் மறுபடி ஏறினால் முதல் கேள்வி மாத்திரை விட்டுப்போனதா என்பது, இல்லையென்றால் அந்தப் பள்ளமே உருமாறி மருந்தை உட்காரவிடாமல் செய்கிறதா என்று பார்ப்பார்கள்.

வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரான்சில் ஃபிரான்சுவா-சேவியர் மாஹோன் குழு, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒட்டு மரபணு தென்படாமலே இருந்த 100 பேரிடம் இமாடினிப்பை நிறுத்திப் பார்த்தது. ஒரு வருஷம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம். திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்திலேயே திரும்பியது, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் நோய் அடங்கியது. அடங்கியதற்குக் காரணம் மாதா மாதம் பரிசோதித்து ஏறிய உடனே பிடித்தது. ஆகவே நிறுத்தலாமா என்ற பேச்சு வந்தால், மாதம் தவறாமல் அந்தப் பரிசோதனையை எடுக்க நமக்கு வழியும் காசும் இருக்கிறதா, முடிவு எத்தனை நாளில் கைக்கு வரும் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.